பிள்ளைப்பருவம் ஐரோப்பாவில் தோன்றிய எண்ணமா? யாழ்ப்பாணத்துக்கு இது எவ்வளவு பொருந்தும்?

வடலி எழுதியது:

வணக்கம். நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கிறேன். ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு ஒன்றில் பிள்ளைப்பருவம் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறார்கள். பயிற்சிக் காலத்து விரிவுரைகளில் நாங்கள் கேட்டது இதுதான்: பிள்ளைப்பருவம் என்பது இயற்கையாக எல்லா இடத்திலும் உள்ள ஒன்றல்ல, அது கடந்த சில நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் உருவான எண்ணம், அதற்கு முன்னர் பிள்ளைகள் சிறிய உருவில் உள்ள பெரியவர்களாகவே நடத்தப்பட்டார்கள். பிலிப் ஆரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1960இல் வெளியிட்ட நூல் இதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

எனக்கு இதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்களிடம் பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவு இருக்கிறது. முதற்பல் முளைத்ததும் தலையில் கொழுக்கட்டை கொட்டி, முன்னால் புத்தகம், பேனை, நகை என்று பரப்பிவைத்து, பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்க்கிறோம். விசயதசமியில் ஏடு தொடக்குகிறோம். பெண்பிள்ளை பெரிய பிள்ளையானதும் சாமத்திய வீடு செய்கிறோம். பருவங்களைப் பற்றிய எண்ணமே இல்லாத சமூகத்தில் இவை எப்படித் தோன்றியிருக்கும்? அதேவேளை, எங்கள் பாட்டன்மார் எட்டு வயதிலேயே புகையிலைத் தோட்டத்தில் நின்றவர்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் எப்படிப் பொருத்திப் பார்ப்பது? வரலாறும் சட்டமும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பழஞ்சுவடி எழுதியது:

தங்கச்சி, நல்ல கேள்வி. முதலில் ஆரியேசுக்கு நியாயம் செய்துவிடுவோம். பெற்றோருக்குப் பிள்ளைகள்மீது பாசம் இருக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. பாசம் வேறு, பிள்ளைக்கு என்று தனியான இயல்பும் தேவையும் உலகமும் உண்டு என்ற உணர்வு வேறு. இரண்டாவது உணர்வுதான் இடைக்கால ஐரோப்பாவில் இருக்கவில்லை என்பது அவரது வாதம். ஓவியங்களில் பிள்ளைகள் பெரியவர்களின் முகத்தோடும் உடையோடும் காணப்பட்டதையும், எல்லா வயதினரும் ஒரே விளையாட்டுகளை ஆடியதையும், பள்ளியில் வயது வேறுபாடின்றி ஒன்றாக இருந்து படித்ததையும், பதின்மூன்றாம் லூயி மன்னனின் சிறுவயதை அவனது மருத்துவர் எரோவார் எழுதிவைத்த நாட்குறிப்பையும் அவர் சான்றாகக் கொண்டார்.

பின்வந்தவர்கள் இந்தச் சான்றுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்தார்கள். குழந்தை இயேசுவை முதிர்ந்த முகத்தோடு வரைந்தது சமயக் கருத்தின் விளைவு. அதை வரைந்தவனுக்குத் தன் வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கும் என்று தெரியாது என்று அதைக்கொண்டு முடிவு செய்ய முடியாது. லிண்டா பொலொக் 1983இல், 1500 முதல் 1900 வரையான ஆங்கிலேய, அமெரிக்க நாட்குறிப்புகளையும் தன்வரலாறுகளையும் படித்து, பிள்ளையின் நோயிலும் இறப்பிலும் பெற்றோர் பட்ட துயரம் அந்த நூற்றாண்டுகள் முழுவதும் தொடர்ச்சியாகவே இருந்தது என்று காட்டினார். நிக்கொலஸ் ஓர்ம் 2001இல் இடைக்கால இங்கிலாந்தின் விளையாட்டுப் பொருள்களையும் பாடல்களையும் தொகுத்தெழுதினார். இலண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில் கிடைத்த, 1300ஆம் ஆண்டளவில் அச்சில் வார்க்கப்பட்ட உலோகக் குதிரைவீரன் பொம்மைகள் அவற்றுள் அடங்கும். திருச்சபைச் சட்டமும் பெண்ணுக்கு 12, ஆணுக்கு 14 என்று திருமண வயதை வகுத்திருந்தது. எல்லையை வகுத்தவர்கள், எல்லைக்கு இப்பால் இருப்பவரை வேறாகக் கண்டவர்கள்தானே.

எங்கள் பக்கத்துச் சான்றுகள் இதைவிடவும் பழையவை. கிள்ளிவளவன் தன் பகைவன் மலையமானின் மக்களை யானைக்காலில் இட ஏற்பாடு செய்தபோது கோவூர் கிழார் அவனைத் தடுத்துப் பாடியது புறநானூற்றின் 46ஆம் பாடல். அழுதுகொண்டிருந்த சிறுவர்கள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள், மன்றத்தைப் புதிதாகக் கண்டு மருள்கிறார்கள் என்று புலவர் சுட்டிக்காட்டுகிறார். தங்களுக்கு என்ன நேரப்போகிறது என்று விளங்காத வயது அது. அந்த விளங்காமையை முன்வைத்தே அவர் உயிர்ப்பிச்சை கேட்கிறார். பிள்ளை மனம் பெரியவர் மனத்திலிருந்து வேறானது என்று அவையில் இருந்தவர்கள் அறிந்திராவிட்டால் அந்த வாதம் எடுபட்டிராது. அதே தொகுப்பின் 77ஆம் பாடலில், தலையாலங்கானத்துப் போருக்கு வந்த நெடுஞ்செழியனைப் பற்றி, கிண்கிணி கழற்றிய காலில் இப்போதுதான் கழல் பூண்டிருக்கிறான், கழுத்துத் தாலியை இன்னும் களையவில்லை, பாலை விட்டு இன்றுதான் சோறு உண்டான் என்று புலவர் மிகைபடச் சொல்கிறார். மிகை என்பது உண்மைதான். ஆனால் பாலும் கிண்கிணியும், பிள்ளைக்குக் காவலாக அணிவிக்கும் ஐம்படைத் தாலியும் எந்தப் பருவத்துக்கு உரியவை என்று கேட்போர் அறிந்திருந்ததால்தான் மிகையும் பலித்தது.

பிள்ளைத்தமிழைப் பற்றி யாரேனும் இங்கே கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களாகப் பகுத்து, ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும் பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்றும் முடிக்கும் அந்த இலக்கியம் குழந்தையின் வளர்ச்சியை நுணுகிப் பார்த்தவர்களின் ஆக்கந்தான். ஆனால் பாடப்பட்டவர்கள் தெய்வங்களும் அரசர்களும் பெரியோர்களும். குடியானவன் பிள்ளைக்கு எவரும் பிள்ளைத்தமிழ் பாடவில்லை. பெருமைப்படுவதற்கு முன்னர் இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

யாழ்ப்பாணத்தில் உண்மையான மாற்றம் வந்தது பாடசாலையோடுதான் என்பது என் கருத்து. திண்ணைப் பள்ளியில் சிறியவனும் வளர்ந்தவனும் ஒரே இடத்தில் இருந்து, ஒருவன் அரிச்சுவடியும் மற்றவன் நிகண்டும் மனனம் செய்தார்கள். ஆரியேஸ் பிரான்சில் கண்ட வயதுக் கலப்புக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் தொடங்கியபோது, பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மணியடித்து எழுப்பி, வகுப்பு வகுப்பாக ஏற்றும் முறை இங்கே காலூன்றியது. அதற்கு எதிராக நின்ற ஆறுமுக நாவலரும் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை அமைத்தபோது அதே வகுப்பு முறையையே எடுத்துக்கொண்டு, பாலபாடங்களைப் படிப்படியாக எழுதினார். சமயத்தில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் பிள்ளை என்றால் யார் என்பதில் ஒத்துப்போயின. பின்னர் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பைப் பிள்ளைகளுக்காகப் பாடியபோது முதலில் வைத்த மகிழ்ச்சி கொழுக்கட்டையும் கூழும் அல்ல, நாளைக்கு விடுதலை என்பதே. பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு மட்டுமே உரிய மகிழ்ச்சி அது.

துலாக்கோல் எழுதியது:

ஐயாவின் விளக்கத்துக்குச் சட்டத் துறையிலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாக, அதாவது நிர்வாக அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தார். அதில், பெற்றோர் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. மணமாகாமல் இருந்த காலம் முழுவதும் தாங்கள் தேடியதை, உடலில் அணிந்த பொன், வெள்ளி நகைகள் நீங்கலாக, குடும்பத்தின் பொதுச்சொத்தில் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இங்கே வயது என்ற அளவுகோலே இல்லை என்பதைக் கவனியுங்கள். முப்பது வயதுக் கட்டிளங்காளையும் மணமாகாதவரை சொத்து விடயத்தில் பிள்ளைதான். இருபது வயதில் சீதனத்தோடு மணமுடித்துப் போன தங்கை அவனுக்கு முன்னரே தனக்கென ஒரு குடும்பச் சொத்தின் பங்காளியாகிவிடுகிறாள். அந்தச் சமூகம் எல்லையை வயதால் வகுக்கவில்லை, நிகழ்வால் வகுத்தது. சடங்குகள் இருக்கின்றனவே என்று சகோதரி கேட்டதற்கும் விடை இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். பல் முளைப்பது, எழுத்துத் தொடங்குவது, பெரிய பிள்ளையாவது, தாலி ஏறுவது ஆகிய எல்லாம் நிகழ்வுகள்.

ஆண்டுக்கணக்கால் எல்லை வகுத்தது நவீன அரசு. அதுவும் ஒரே எல்லையாக வகுக்கவில்லை. இலங்கையில் 1865இன் சட்டப்படி முழு வயது 21; அதை 18ஆகக் குறைத்தது 1989இல். ஆனால் வாக்குரிமை வயது 1959இலேயே 18ஆகிவிட்டது. எனவே முப்பது ஆண்டுகள் இந்த நாட்டில் ஓர் இளைஞன் அரசாங்கத்தைத் தெரிவு செய்யலாம், தன் பெயரில் உள்ள பரப்புக் காணியை விற்க முடியாது என்ற நிலை இருந்தது. சிறுவர், இளைஞர் பற்றிய 1939ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரையே சிறுவர் என்றது. குற்றப் பொறுப்புக்கான வயது 2018வரை எட்டாகவே இருந்து, அந்த ஆண்டிலேதான் பன்னிரண்டானது. கட்டாயக் கல்வி 14 வயதுவரை என்று இருந்து 2016இல் 16ஆக உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தும் குறைந்த வயது 16ஆனது 2021இல்.

ஐக்கிய நாடுகள் சபையின் 1989ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயமும் இதற்கு விலக்கல்ல. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட அனைவரும் சிறுவர் என்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, 38ஆம் உறுப்புரையில் படையில் சேர்ப்பதற்கு மட்டும் பதினைந்தை எல்லையாக வைத்தது. அந்த இடைவெளியை ஓரளவு அடைப்பதற்கு 2000இல் ஒரு விருப்ப நெறிமுறை தேவைப்பட்டது. அந்த மூன்றாண்டு வேறுபாடு போர்க்காலத்தில் என்னவாக இருந்தது என்பதை எங்கள் ஊர்களில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

செம்பாட்டான் எழுதியது:

எல்லோரும் ஏட்டிலிருந்தே கதைக்கிறீர்கள். கிணற்றிலிருந்து துலாவில் தண்ணீர் இறைத்த காலத்தில் ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, பாத்தி மாறுவதற்கு ஒரு பொடியன் நின்றான். அவனுக்கு எட்டு வயதோ ஒன்பது வயதோ இருக்கும். எந்தப் பாத்திக்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. மண்வெட்டியைச் சரியான நேரத்தில் போட்டு வாய்க்காலை மறிக்காவிட்டால் கன்று அழுகும் என்பதும் தெரிந்திருந்தது. அந்தப் பொடியனே பின்னேரம் கிளித்தட்டு மறித்தான், தைமாதத்தில் பட்டம் ஏற்றினான். அவனுக்குப் பிள்ளைப்பருவம் இருக்கவில்லை என்று சொல்வீர்களா? இன்றைக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பாடசாலை விட்டதும் ரியூசனுக்கும், அது விட்டதும் இன்னொரு ரியூசனுக்கும் ஓடும் பத்து வயதுப் பிள்ளைக்கு இருக்கிறது என்று சொல்வீர்களா? எனக்கு இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

கடல்கடந்தவள் எழுதியது:

செம்பாட்டான் அண்ணையின் கேள்வியை ஏட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன். நான் கனடாவில் சிறுபிள்ளைக் கல்வித் துறையில் பணியாற்றுகிறேன். மானிடவியலாளர்கள் பிள்ளைவளர்ப்பைப் பற்றி எழுதியவற்றைத் தொழிலின் பொருட்டுப் படிக்க நேர்ந்தது.

பப்புவா நியூகினியின் கலூலி மக்கள் கைக்குழந்தையோடு நேருக்குநேர் பேசிக்கொண்டிருப்பதில்லை. குழந்தை மென்மையானது, அதற்கு இன்னும் விளக்கம் வரவில்லை என்பது அவர்களது எண்ணம். தாய் குழந்தையை வெளிப்புறம் பார்க்கப் பிடித்து, வருவோர் போவோரிடம் அதன் சார்பில் தானே உயர்ந்த தொனியில் பேசுகிறாள். மேற்கு ஆபிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் வாழும் பெங் மக்களிடம் இதற்கு நேர்மாறான நம்பிக்கை இருக்கிறது. குழந்தை முன்னோர் உலகத்திலிருந்து வருகிறது, அங்கே எல்லா மொழிகளும் பேசப்படுகின்றன, ஆகவே பிறந்த குழந்தைக்கு எல்லாம் விளங்கும் என்று நம்பி அவர்கள் அதனோடு நிறையக் கதைக்கிறார்கள். இரண்டு இடத்துப் பிள்ளைகளும் உரிய வயதில் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். இங்கே எங்கள் பயிற்சிகளில், குழந்தையின் கண்ணைப் பார்த்து ஓயாமல் பேசாவிட்டால் அதன் வளர்ச்சியே நின்றுவிடும் என்பதுபோலச் சொல்லித் தருவார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கலூலித் தாய்மார் நினைவுக்கு வருவார்கள்.

பிள்ளை பிழைக்குமா என்ற அச்சம் எங்கும் பிள்ளைப்பருவத்தின் தொடக்கத்தை வடிவமைத்திருக்கிறது. சுகாதாரமும் தடுப்பூசியும் வருவதற்கு முன்னர், பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வளர்ந்த பருவத்தை எட்டாமலே இறந்தார்கள். யப்பானில் ஏழு வயதுவரை பிள்ளை தெய்வங்களுக்கு உரியது என்ற பழைய நம்பிக்கை உண்டு. மூன்று, ஐந்து, ஏழு வயதுகளில் நவம்பர் 15ஆம் நாளையொட்டிக் கோயிலுக்குக் கூட்டிச்செல்லும் வழக்கம் இன்றும் நடக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளையைக் கோயிலுக்கு விற்று வாங்குவதும் இதே அச்சத்திலிருந்து வந்ததுதான் என்று எனக்குப் படுகிறது.

உழைப்பைப் பொறுத்தவரையில், பொதுவாகச் சொல்லப்படாத ஒன்று இருக்கிறது. பிள்ளைக்கு உழைப்பே கூடாது என்ற எண்ணம் ஐரோப்பாவிலும் மிகப் பிந்தியது. பிரித்தானியாவின் 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத்தான் பெரும்பாலான நெசவாலைகளிலிருந்து விலக்கியது. ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுவரையானவர்கள் நாளுக்கு ஒன்பது மணிநேரம் வேலை செய்யலாம் என்றது. அதுவே பெரிய சீர்திருத்தமாக அன்று கருதப்பட்டது. பணத்தால் பயனற்றதும் பாசத்தால் விலைமதிப்பற்றதுமான பிள்ளை என்ற எண்ணம் அமெரிக்காவில் 1870க்கும் 1930க்கும் இடையில் எப்படி உருவானது என்பதை விவியானா செலிசர் 1985இல் எழுதினார். நாங்கள் இன்று உலகப் பொதுவானது என்று எண்ணுவது அந்த அறுபது ஆண்டுகளில் விளைந்தது. 1990இன் ஆபிரிக்கச் சிறுவர் சாசனம் உரிமைகளோடு நிற்காமல், குடும்பம் ஒன்றிணைந்திருக்க உழைப்பதும் பெற்றோரை மதித்துத் தேவைப்படும்போது உதவுவதும் பிள்ளையின் கடமைகள் என்று 31ஆம் உறுப்புரையில் எழுதியிருக்கிறது. சமவாயத்தில் இதற்கு இணையான பகுதி இல்லை.

ஒரு சிறிய குறிப்பு. ஊரில் பத்து வயது அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தால் பொறுப்பான பிள்ளை என்பார்கள். இங்கே அந்தப் பிள்ளையிடம் தம்பியை விட்டுவிட்டுத் தாய் வேலைக்குப் போனால், அயலவர் சிறுவர் பாதுகாப்புச் சபைக்கு அறிவிக்கக்கூடும். ஆனால் அதே பிள்ளை, ஆங்கிலம் தெரியாத தாயோடு வைத்தியரிடம் போய், பெரியவர்களின் நோயைப் பற்றிப் பெரியவர்களுக்கே மொழிபெயர்த்துச் சொல்லும்போது அதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. புலம்பெயர்ந்த வீடுகளில் இது அன்றாடம் நடக்கிறது.

வடலி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன். நிகழ்வால் வகுத்த எல்லையும் வயதால் வகுத்த எல்லையும் வேறு வேறு, பாத்தி மாறிய பொடியனுக்கும் பிள்ளைப்பருவம் இருந்தது, பிள்ளையின் உழைப்பைப் பற்றிய தீர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் என்றெல்லாம் நான் மேடையில் சொன்னால், பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவதையும் எங்கள் பண்பாடு என்று சொல்லி நியாயப்படுத்தலாமா என்று ஒருவர் நிச்சயமாகக் கேட்பார். அவருக்கு நான் என்ன சொல்வது?

துலாக்கோல் எழுதியது:

சகோதரி, அந்தக் கேள்விக்கு விடை காண வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் குசினிக்குள் போனால் போதும்.

செம்பாட்டான் அண்ணை சொன்ன பொடியன் தன் தகப்பனின் தோட்டத்தில் நின்றான். அவன் கற்றது பின்னாளில் அவனுக்கே உரித்தாகப்போகும் தொழிலை. பின்னேரம் விளையாட்டு இருந்தது, இரவில் தாயின் கையால் சோறு இருந்தது. ஆனால் அதே யாழ்ப்பாணத்தில், வசதியான பல வீடுகளில், மலையகத்துத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் வீட்டுவேலைக்கு நின்றார்கள். வீட்டுக்காரரின் மகள் வெள்ளைச் சட்டையோடு பாடசாலைக்குப் போகும்போது, அவளுடைய வயதையொத்த பிள்ளை அவளுடைய புத்தகப்பையை எடுத்துக்கொடுத்துவிட்டு முற்றம் கூட்டினாள். அந்த வீட்டாருக்குப் பிள்ளைப்பருவம் என்றால் என்ன என்று நன்றாகவே தெரியும். தங்கள் மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினார்கள், ஏடு தொடக்கினார்கள், சாமத்திய வீட்டுக்கு ஊரையே அழைத்தார்கள். அடுத்த அறையில் படுத்த பிள்ளைக்கு அவை எதுவும் உரியவை என்று எண்ணவில்லை. ஒரே கூரையின்கீழ், ஒரே மொழி பேசிய, ஒரே தெய்வத்தைக் கும்பிட்ட இரண்டு பிள்ளைகளுக்கிடையில் இருந்த வேறுபாட்டைப் பண்பாட்டு வேறுபாடு என்று எப்படிச் சொல்வது?

பாடசாலையிலும் அப்படித்தான். பழஞ்சுவடி ஐயா சொன்ன வகுப்பு முறை எல்லாப் பிள்ளைகளையும் வயதுப்படி ஒன்றாக இருத்தும் என்று நாம் நினைக்கலாம். அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற பணிப்பு வந்தது 1929இல்தான். அதுவரை சிலர் வாங்கிலும் சிலர் நிலத்திலும் இருந்தார்கள். பணிப்பு வந்த பின்னரும் எதிர்ப்பு எழுந்தது, பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கப்பட்டன. எரித்தவர்களும் தங்கள் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை கொண்டவர்கள்தான்.

ஆகவே உங்களிடம் கேள்வி கேட்பவரிடம், எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார் என்று திருப்பிக் கேளுங்கள். பண்பாடு என்று சொல்லி அவர் நியாயப்படுத்தும் வேலையைத் தன் பிள்ளைக்கும் கொடுப்பாரா, அந்த வேலையால் கிடைக்கும் தேர்ச்சியும் ஊதியமும் பிள்ளைக்குச் சேருகின்றனவா, பாடசாலைக்குப் போக அதற்கு நேரம் மிஞ்சுகிறதா, வேண்டாம் என்றால் வீட்டுக்குத் திரும்பிப் போக அதற்கு வழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாத்தி மாறிய பொடியனின் வேலை இக்கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாக்குப்பிடிக்கும். பாடசாலை நாளில் அவனை மறித்து வைத்திருந்தால் அதுவும் தாக்குப்பிடிக்காது. குசினியில் நின்ற பிள்ளையின் வேலை முதற்கேள்வியிலேயே விழுந்துவிடும்.

ரியூசனைப் பற்றி அண்ணை கேட்டதை நான் மறக்கவில்லை. அந்தப் பிள்ளையின் உழைப்பும் உழைப்புத்தான். சட்டம் அதை உழைப்பு என்று எண்ணாததால் அதற்கு மணிநேர வரையறை இல்லை. கருத்தரங்கில் இருப்பவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள் என்பதால், இதை நீங்கள் சொன்னால் வாக்குவாதம் வரும். வந்தாலும் சொல்லுங்கள்.